பழைய கேமிங் கணினியை மேம்படுத்துவது: எது எதனோடு பொருந்தும், எதை முதலில் வாங்குவது

ஐந்தாறு வருடம் ஓடிய கணினியில் புது கேம் திணற ஆரம்பித்ததும் எல்லோரும் முதலில் விலை பார்ப்பது கிராஃபிக்ஸ் கார்டைத்தான். பல சமயம் அது சரியான முடிவாகவே இருக்கும். ஆனால் வாங்கி வந்த கார்டு இரண்டு விரற்கடை நீளமாக இருந்து கேபினெட்டுக்குள் போகாமல் நிற்கலாம். பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில் அதற்கான கேபிளே இல்லாமல் போகலாம். எல்லாம் மாட்டிய பிறகும் கேம் முன்பு போலவே திக்கித் திக்கி ஓடலாம். கையில் இருக்கும் பணம் குறைவு என்றால், தப்பான ஒரு பாகத்தோடு பட்ஜெட் முடிந்துவிடும்.

அதனால் எந்தப் பாகத்தை வாங்கும் முன்பும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: நாளை இந்த மதர்போர்டைக் கழற்றிப் போட்டால், இந்தப் பாகம் அடுத்த கணினிக்குக் கூடவே வருமா? எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி, கிராஃபிக்ஸ் கார்டு, கேபினெட், மானிட்டர் எல்லாம் வரும். போர்டில் பிராசசர் அமரும் சாக்கெட் பழையதானால் அதற்கான பிராசசரும், பழைய வகையான டிடிஆர்3 ராமும் வராது. வருபவற்றுக்கு மனம் வைத்துச் செலவிடலாம். வராதவற்றை மலிவாகக் கிடைத்தால் மட்டும் வாங்க வேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது?

சிபியு-இசட், ஜிபியு-இசட் என்ற இரண்டு இலவச மென்பொருள்களை இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள்: பிராசசரின் முழுப் பெயர், சாக்கெட்டின் பெயர், மதர்போர்டின் சரியான மாடல், அதில் இப்போதுள்ள பயாஸ் (கணினியை எழுப்பும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) பதிப்பு, ராமின் வகை, எந்தெந்த ஸ்லாட்டில் எத்தனை ஜிபி, சிங்கிள் சேனலா டூயல் சேனலா (ராம் ஒரு பாதையில் ஓடுகிறதா, இரண்டிலா). சிபியு-இசட்டின் மெமரி பக்கத்தில் தெரியும் வேகம் பெட்டியில் எழுதியிருப்பதில் பாதியாக இருக்கும். 3200 என்று விற்ற ராம் அங்கே 1600 என்று காட்டினால் பழுது ஒன்றும் இல்லை.

மதர்போர்டு மாடலை எழுதும்போது கடைசி எழுத்து வரை எழுதுங்கள். பி450எம் என்பதும் பி450எம் மேக்ஸ் என்பதும் வேறு வேறு போர்டுகள். தயாரிப்பாளரின் தளத்தில் இரண்டுக்கும் பயாஸ் கோப்புகளே வேறு.

பிறகு பக்கவாட்டு மூடியைத் திறந்து நான்கு விஷயங்களைப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் லேபிளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து வரும் 6 பின், 6+2 பின் கேபிள்களை எண்ணுங்கள். பின்பக்கத் தகட்டிலிருந்து முன்பக்க ஃபேன் அல்லது ஹார்ட் டிஸ்க் கூண்டு வரை மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். போர்டில் எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டியை நேரே செருகும் சின்ன ஸ்லாட்) இருக்கிறதா, ராம் ஸ்லாட் எத்தனை காலி என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் தாள் கையில் இல்லாமல் வாங்கப் போகாதீர்கள்.

திணறலுக்குக் காரணம் எது?

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரை அதனுடன் வரும் ரிவாட்யூனரோடு நிறுவினால், கேம் ஓடும்போதே திரையின் மூலையில் கார்டின் பயன்பாடு, வெப்பம், வீடியோ மெமரி, ராம், பிராசசரின் உள் பிரிவுகளான ஒவ்வொரு கோரின் சுமை எல்லாம் தெரியும். ஃப்ரேமை (நொடிக்கு எத்தனை படம் என்பதை) கட்டுப்படுத்தும் வி-சிங்கையும் ஃப்ரேம் வரம்பையும் அணைத்துவிட்டு, வழக்கமாகத் திணறும் இடத்தில் பத்து நிமிடம் விளையாடுங்கள். எண்களைக் குறித்து வையுங்கள், கடைசியில் ஒப்பிட இவை வேண்டும்.

கார்டு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் அதுதான் முட்டுக்கட்டை. கார்டு 60, 70 சதவீதத்தில் சும்மா இருக்க ஃப்ரேம் மட்டும் ஏறாமல் இருந்தால் பிராசசர்தான் பின்தங்குகிறது. இங்கே பலர் ஏமாறுவது பிராசசரின் மொத்தச் சதவீதத்தைப் பார்த்து. மொத்தம் 40 சதவீதம் என்று காட்டும்போதே ஒரு கோர் முழுச் சுமையில் தவித்துக்கொண்டிருக்கும். கேமின் முக்கிய வேலை அந்த ஒரு கோரில்தான் நடக்கும். சந்தேகம் இருந்தால் ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்கு இறக்கிப் பாருங்கள். ஃப்ரேம் எகிறினால் கார்டு, அசையாமல் நின்றால் பிராசசர்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. சராசரி ஃப்ரேம் நன்றாகவே இருக்கும், ஆனால் திடீர் திடீரென்று ஒரு நொடி உறையும். ராம் 8 ஜிபிதான் இருந்து அது நிரம்பி வழிகிறதா, வீடியோ மெமரி நிரம்பிவிட்டதா, கேம் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறதா என்று பாருங்கள். ராமிலும் வீடியோ மெமரியிலும் இடம் போதாதபோது அதிலிருப்பதை வெளியே தள்ளி மீண்டும் எடுத்து வரும் நேரம்தான் அந்த உறைதல். இதற்கு வேகமான பிராசசர் வாங்கினால் பணம்தான் போகும்.

செலவில்லாமல் கிடைக்கும் வேகம்

மானிட்டர் கேபிள் மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் செருகியிருக்கிறதா? அப்படியானால் பெரும்பாலும் கேம் ஓடுவது பிராசசருக்குள் இருக்கும் சின்ன கிராஃபிக்ஸில்தான். கேபிளைக் கார்டில் செருகுங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பில் 60 என்றே கிடக்கிறதா என்று பாருங்கள்.

ராமின் எக்ஸ்எம்பி அமைப்பு பயாஸில் அணைந்தே இருக்கும், வாங்கிய நாளிலிருந்து யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அதை இயக்காவிட்டால் 3200 ராம் 2133-லோ 2400-லோ ஓடும். ஏஎம்டி போர்டுகளில் இதே அமைப்பு டிஓசிபி என்றோ ஏ-எக்ஸ்எம்பி என்றோ இருக்கும். ஏஎம்டியின் ரைசன் பிராசசர் உள்ள கணினிகளில் இந்த ஒரு மாற்றமே கண்ணுக்குத் தெரியும், ஏனென்றால் பிராசசரின் உள் பகுதிகள் ஒன்றோடொன்று பேசும் வேகமும் ராமின் வேகத்தோடு கட்டப்பட்டிருக்கிறது.

இரண்டு ராம் பட்டைகள் நான்கு ஸ்லாட் போர்டில் பக்கத்தில் பக்கத்தில் செருகியிருந்தால் பெரும்பாலும் சிங்கிள் சேனலில் ஓடும். பிராசசரிலிருந்து எண்ணி 2-வது, 4-வது ஸ்லாட்டுகளுக்கு மாற்றுங்கள்.

தூசியைத் தட்டி, பிராசசரின் பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, பட்டாணி அளவு புதியது வையுங்கள். பிராசசர் 90-களின் நடுவில் கொதித்தால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்தக் குறைவை வயதாகிவிட்டதன் அடையாளம் என்று எண்ணிப் பலர் புதிது வாங்கப் போகிறார்கள். ஃபேனுக்குக் காற்று ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழல விட்டால் பேரிங் கெடும்.

எஸ்எம்பிஎஸ்

இந்தப் பகுதியில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற பாகங்கள் பொருந்தாவிட்டால் ஓடாமல் நிற்கும். இது மட்டும் பொருந்தாவிட்டால் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து எரிக்கும்.

லேபிளில் பெரிதாக எழுதியிருக்கும் வாட் எண்ணைப் பார்க்க வேண்டாம். 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12-ஆல் பெருக்கினால் வருவதே உங்கள் பிராசசரும் கார்டும் பங்கு போடும் சக்தி. 500 வாட் என்று எழுதி 12 வோல்ட்டில் 28 ஆம்பியர் மட்டும் கொடுத்தால் கையில் இருப்பது 336 வாட்தான். மீதி இன்றைய கணினிக்கு அவ்வளவாகத் தேவைப்படாத 3.3, 5 வோல்ட் வரிசைகளில் கணக்குக் காட்டப்பட்டிருக்கும்.

கணக்குப் போடும் முறை எளிது. கார்டின் அறிவிக்கப்பட்ட வாட், பிராசசரின் உச்ச வாட், மற்றவற்றுக்கு 50 வாட் என்று கூட்டி, அதன் மேல் மூன்றில் ஒரு பங்கு இடைவெளி விடுங்கள். ரேடியான் ஆர்எக்ஸ் 6600-க்கு 132, 65 வாட் வகை ரைசனுக்கு உச்சத்தில் 90 அளவு, மற்றவை 50. மொத்தம் 270 சுற்றி வரும். நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ் இதற்குத் தாராளம். இடைவெளி எதற்கென்றால், கார்டுகள் மில்லி நொடிகளுக்கு எழுதியிருப்பதைவிட வெகு அதிகமாக இழுக்கும். அந்தத் துள்ளலைத் தாங்காத எஸ்எம்பிஎஸ், கேம் நடுவே கணினியைச் சட்டென்று அணைத்துவிடும். நீலத் திரையோ எச்சரிக்கையோ எதுவும் வராமல் கணினி அணைந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

80 ப்ளஸ் தங்கம், வெண்கலம் என்ற முத்திரைகள் எவ்வளவு மின்சாரம் வெப்பமாக வீணாகிறது என்பதை மட்டும் சொல்கின்றன. பாதுகாப்புச் சுற்றுகளின் தரத்தைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. அந்த மாடலைப் பிரித்துச் சோதித்த விமர்சனத்தைத் தேடிப் படிப்பதே வழி.

கேபிள்களுக்கு வருவோம். மதர்போர்டின் ஸ்லாட் 75 வாட் தரும், 6 பின் இன்னொரு 75, 8 பின் 150. கேபிள் இல்லையே என்று டிஸ்க்குகளுக்கான சாட்டா பிளக்கிலிருந்து 6 பின்னுக்கு மாற்றும் அடாப்டரை வாங்காதீர்கள். சாட்டா பிளக்கின் 12 வோல்ட் பின்கள் தாங்குவது 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். கார்டு அதற்கு மேல் இழுத்தால் பிளாஸ்டிக் உருகும், தீயும் பிடிக்கலாம். பிராசசருக்கான 8 பின்னும் கார்டுக்கான 8 பின்னும் பார்வைக்கு ஒன்று போல இருந்தாலும் மின்முனைகள் தலைகீழ், அமுக்கித் திணிக்கக் கூடாது.

கழற்றி மாட்டும் கேபிள் உள்ள எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினால் பழைய கேபிள்களையும் அடியோடு எடுத்துவிடுங்கள். எஸ்எம்பிஎஸ் பக்க முனைக்குப் பொதுத் தரம் கிடையாது. ஒரே நிறுவனத்தின் இரு மாடல்களிலேயே வரிசை மாறும். பழைய சாட்டா கேபிளைப் புதியதில் செருகி, ஹார்ட் டிஸ்க்கை அதில் இருந்த எல்லாவற்றோடும் பறிகொடுப்பது இப்படித்தான். எந்தக் காரணத்துக்காகவும் எஸ்எம்பிஎஸ்ஸின் பெட்டியைத் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்களில் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

கிராஃபிக்ஸ் கார்டு

நீளம், தடிமன், கேபிள் இந்த மூன்றும் ஒத்துவந்தால் கார்டு உள்ளே போகும். அளந்த நீளத்தில் 10 மில்லிமீட்டராவது மிச்சம் இருக்கட்டும். கார்டைச் சாய்த்துத்தான் உள்ளே விட வேண்டியிருக்கும். இரண்டரை ஸ்லாட் தடிமன் என்று போட்டிருந்தால் அடியில் இருக்கும் சாட்டா போர்ட்டுகளும் முன்பக்கப் பட்டன் ஒயர்களும் மறையுமா என்று பாருங்கள்.

உள்ளே போன கார்டு முழு வேகத்தில் ஓடுமா என்பது வேறு கேள்வி. பட்ஜெட் கார்டுகளில் பலவற்றுக்கு பிசிஐஇ லேன்கள் (கார்டுக்கும் போர்டுக்கும் நடுவே தரவு போகும் பாதைகள்) குறைவு. ஸ்லாட்டில் 16 லேன் நீளத்துக்குத் தகடு இருந்தாலும் உள்ளே 8 அல்லது 4 லேன்தான் வேலை செய்யும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, ஆர்எக்ஸ் 6400 இரண்டும் 4 லேன் கார்டுகள். பிசிஐஇ 4.0 போர்டில் அது நொடிக்கு சுமார் 8 ஜிபி; பழைய 3.0 போர்டில் பாதி. கார்டின் 4 ஜிபி மெமரி நிரம்பியதும் எல்லாம் அந்தக் குறுகிய பாதையில் போக வேண்டியிருப்பதால் பழைய போர்டில்தான் இவை அதிகம் அடிவாங்கும். எந்தக் கணினிக்கு மலிவு என்று தோன்றுகிறதோ அதற்கே பொருந்தாத கார்டு. இன்டெல் எச்81 சிப்செட் போர்டுகளில் கார்டு ஸ்லாட்டே 2.0-தான், அங்கே இவற்றை நினைக்கவே வேண்டாம்.

ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற 8 லேன் கார்டுகள் 3.0 போர்டில் சிறிதளவே இழக்கும். ஆர்டிஎக்ஸ் 3060-இன் 12 ஜிபி வகை முழு 16 லேன் கொண்டது, 170 வாட் இழுக்கும். பழைய போர்டுக்கு நல்ல துணை. அதே பெயரில் 8 ஜிபி வகையும் உண்டு, மெமரிப் பாதை குறுகியது, ஏமாந்துவிடாதீர்கள். 1080-இல் விளையாடுகிறவருக்கு இன்று 8 ஜிபி வீடியோ மெமரி அடித்தளம். இரண்டு கார்டுகளுக்கு நடுவே தயக்கம் வந்தால், சற்று மெதுவானாலும் மெமரி அதிகமுள்ளது நீண்ட நாள் உழைக்கும்.

எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றவே முடியாத நிலையில் ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகையைப் பாருங்கள். 70 வாட், பெரும்பாலான மாடல்களில் தனிக் கேபிள் தேவையில்லை. 8 ஜிபி 3050-ஐவிட மெதுவானதுதான், ஆனால் அந்த வேலைக்கு அது சரி.

இன்டெல் ஆர்க் கார்டுகள் விலைக்கு நல்ல சக்தி தருபவை. ஆனால் கார்டின் முழு மெமரியையும் பிராசசர் ஒரே வீச்சில் அணுக விடும் ரீசைசபிள் பார் என்ற வசதி போர்டில் இல்லாவிட்டால் வெகுவாகத் தளர்ந்துவிடும். இன்டெல் 10-ஆம் தலைமுறைக்கும் ரைசன் 3000-க்கும் முந்தைய கணினியில் இவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

என்விடியா ஜிடிஎக்ஸ் 900, 1000 தொடர்களுக்குப் புது கேம்களுக்கான டிரைவர் மேம்பாடு 2025 அக்டோபரோடு நின்றது, இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே. பழைய சந்தையில் ஜிடிஎக்ஸ் 1070-ஐ விலை பேசும்போது இதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பிராசசர்

சாக்கெட் ஒன்றானால் பொருந்தும் என்று நம்புவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. இன்டெலின் எல்ஜிஏ 1151 என்ற சாக்கெட் பெயரில் இரண்டு உலகங்கள் உண்டு. 100, 200 தொடர் போர்டுகளில் 6, 7-ஆம் தலைமுறை. 300 தொடர் போர்டுகளில் 8, 9-ஆம் தலைமுறை. உட்காரும், மூடியும் மூடும், ஆனால் கணினி எழாது. எல்ஜிஏ 1200-இல் 10, 11 இரண்டும் வரும், ஆனால் எச்410, பி460 போர்டுகள் 11-ஐ ஏற்பதில்லை. தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் போர்டின் பக்கத்தில் பிராசசர் பட்டியல் இருக்கும். எந்த பயாஸ் பதிப்பு முதல் எது ஓடும் என்றும் அங்கே போட்டிருக்கும். அதில் இல்லாததை வாங்காதீர்கள்.

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். ரைசன் 1600 போட்ட பழைய பி350 போர்டுகளில் பலவும், 2022-இல் வந்த பயாஸ் மேம்பாடுகளுக்குப் பிறகு ரைசன் 5000 தொடரை ஏற்கின்றன. ராம், போர்டு, கூலர் எதுவும் மாறாமல் மூன்று தலைமுறை தாண்டலாம். குறைந்த பட்ஜெட்டில் ரைசன் 5 5600 நல்ல தேர்வு. அதைவிடச் சற்று மலிவான 5500-இல் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி) 32-க்குப் பதில் 16 எம்பிதான், பிசிஐஇயும் 3.0-தான். கேமில் அந்தக் கேஷ் வித்தியாசம் தெரியும். கையில் கொஞ்சம் கூடுதலாக இருந்து கேமுக்காகவே கணினி என்றால் 96 எம்பி கேஷ் கொண்ட 5700எக்ஸ்3டி அல்லது 5800எக்ஸ்3டி கிடைக்கிறதா என்று பாருங்கள். இவை 105 வாட் வகை. வோல்டேஜ் சீராக்கிகளுக்கு மேல் ஹீட்சிங்க் இல்லாத மலிவு ஏ320 போர்டில் இவற்றைப் போட்டால் போர்டு வெந்து வேகம் குறையும்.

பயாஸை மேம்படுத்தும் வேலை பழைய பிராசசர் போர்டில் இருக்கும்போதே நடக்க வேண்டும். புதியதை மாட்டிய பிறகு திரையே வராது. சில போர்டுகளில் நேரே கடைசிப் பதிப்புக்குத் தாவ முடியாது, இடையில் ஒன்றைப் போட்டுத்தான் போக வேண்டும்; பதிப்புக் குறிப்பில் அதை எழுதியிருப்பார்கள். எஃப்ஏடி32 வடிவில் தயார் செய்த பென் டிரைவில் கோப்பை வைத்து பயாஸுக்குள்ளிருந்தே செய்யுங்கள். நடுவில் மின்சாரம் போனால் போர்டு செத்துப்போகலாம். யுபிஎஸ் இல்லாவிட்டால் ஒன்றை இரவல் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இன்டெல் 4-ஆம் தலைமுறை ஐ5 வைத்திருப்பவருக்கு: மலிவாகக் கிடைத்தால் ஐ7-4770 அல்லது 4790 இரண்டு வருடம் தள்ளும், நான்கு திரெட் (ஒரே நேரத்தில் ஓட்டும் வேலைகள்) எட்டாகும். ஆனால் அந்த ஐ7-க்கும் கூடுதல் டிடிஆர்3 ராமுக்கும் ஆகும் செலவை, பழைய ரைசன் போர்டு, பிராசசர், ராம் மூன்றும் சேர்ந்து விற்கும் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நெருக்கமாக இருந்தால் பழைய போர்டில் ஒரு காசும் போடாதீர்கள். 2, 3-ஆம் தலைமுறையில் ஏவிஎக்ஸ்2 கட்டளைகளே இல்லை, அவற்றைக் கட்டாயமாகக் கேட்கும் கேம்கள் திறக்கவே மாட்டா.

விண்டோஸையும் கவனியுங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கேட்பது இன்டெல் 8-ஆம் தலைமுறை அல்லது ரைசன் 2000 முதல், டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் சிப்), செக்யூர் பூட் (சரிபார்த்த மென்பொருளோடு மட்டும் கணினி எழும் வசதி). ஏமாற்று ஆட்டத்தைத் தடுக்கும் ஆன்டி சீட் உள்ள சில ஆன்லைன் கேம்கள் செக்யூர் பூட் இல்லாமல் உள்ளேயே விடுவதில்லை. அப்படிப்பட்ட கேம்தான் உங்களுக்கு முக்கியம் என்றால், விண்டோஸ் 11-இன் பட்டியலில் இல்லாத 7-ஆம் தலைமுறை ஐ7-இல் பணம் போடும் முன் யோசியுங்கள்.

ராம்

16 ஜிபி, அதாவது 8 ஜிபி பட்டைகள் இரண்டு, ஒரே பெட்டியில் ஜோடியாக விற்றவை. ஏற்கெனவே ஒரு 8 ஜிபி இருந்தால் அதே மாடலில் இன்னொன்று தேடலாம், ஆனால் ஒத்துப்போகும் என்ற உத்தரவாதம் இல்லை. ஒத்துப்போகாதபோது எக்ஸ்எம்பியில் எழாது, வேகத்தைச் சற்று இறக்கினால் எழும்.

டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று போகாது, வெட்டு இருக்கும் இடமே வேறு. வேகத்துக்கு ஆசைப்படும் முன் போர்டைப் பாருங்கள். இன்டெலின் பழைய எச், பி தொடர் போர்டுகள் 2133 முதல் 2666 வரையே அனுமதிக்கும்; அங்கே 3600 ராம் வாங்கினாலும் அந்த வேகத்தில்தான் ஓடும். ஏஎம்4-இல் 3200 போதும்.

டிடிஆர்3 தேடும்போது இரண்டு வலைகள் உண்டு. விலை குறைவாக ‘ஏஎம்டிக்கு மட்டும்’ என்று சின்ன எழுத்தில் விற்கும் 8 ஜிபி பட்டைகள் இன்டெல் போர்டில் ஓடாது. சர்வரிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு இசிசி ராமும் வீட்டுக் கணினியில் எழாது.

எஸ்எஸ்டி

கேமும் விண்டோஸும் இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால், மற்ற எதற்கும் முன் எஸ்எஸ்டி வாங்குங்கள். சாட்டா வகை நொடிக்கு 550 எம்பி அளவு, பிசிஐஇ வழியாக ஓடும் என்விஎம்இ வகை 3.0 ஸ்லாட்டில் 3500 வரை. ஆனால் கேம் திறக்கும் நேரத்தில் இரண்டுக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் சில நொடிகளே. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எதற்கு மாறினாலும்தான் பெரிய மாற்றம்.

எம்.2 என்பது ஸ்லாட்டின் வடிவம் மட்டுமே. சில ஸ்லாட்டுகள் சாட்டா வகையை மட்டும் ஏற்கும், சில என்விஎம்இயை மட்டும், சில இரண்டையும். போர்டின் கையேட்டைப் பாருங்கள். எம்.2-இல் மாட்டியதும் பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போனால் பதற வேண்டாம், பல போர்டுகளில் அந்த ஸ்லாட் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகளோடு பாதையைப் பகிர்கிறது. கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் வந்துவிடும். எம்.2 இல்லாத இன்டெல் 4-ஆம் தலைமுறைக் காலத்துப் போர்டுகளில் பெரும்பாலும் பிசிஐஇ அடாப்டர் வைத்து என்விஎம்இ மாட்டினாலும் அதிலிருந்து விண்டோஸ் பூட் ஆகாது. அங்கே 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியே தொல்லையில்லாதது.

நிறுவனப் பெயரோடு முழுதாக விற்ற கணினி

டெல், எச்பி, லெனோவோ போன்றவற்றின் அலுவலகக் கணினிகளைக் கேமுக்கு மாற்றுவோர் பலர். இவற்றில் மதர்போர்டுக்குப் போகும் மின் இணைப்பு பல மாடல்களில் வழக்கமான 24 பின் அல்ல, எஸ்எம்பிஎஸ்ஸின் உருவமும் வேறு. புதிய எஸ்எம்பிஎஸ் வாங்கும் முன் இரண்டையும் அளந்து பாருங்கள். ஒல்லியான பெட்டிகளில் அரை உயரக் கார்டு மட்டும் போகும், அந்த உயரத்துக்கான தகடு கார்டோடு வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள். பயாஸில் எக்ஸ்எம்பி இருக்காது, அதனால் வேகமான ராம் தேவையில்லை.

பழைய பாகம் வாங்கும்போது

பிராசசர் பழையதாக வாங்கப் பாதுகாப்பான பாகம். ஏஎம்4-இல் பின்கள் வளைந்திருக்கிறதா என்று மட்டும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ் பழையது வேண்டாம். கார்டு என்றால் கண்ணெதிரே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஜிபியு-இசட்டில் பெயரும் மெமரி அளவும் சொன்னதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். பழைய சிப்பின் பயாஸை மாற்றி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1060 என்று விற்ற போலிகள் உண்டு. கார்டுக்கு முழுச் சுமை தரும் ஃபர்மார்க் மென்பொருள் 15 நிமிடம் ஓடட்டும். திரையில் வண்ணப் புள்ளிகள், கட்டம் கட்டமாகச் சிதறல், ஃபேனில் உரசல் சத்தம் எதுவும் கூடாது. ஆர்எக்ஸ் 580-இல் 2048எஸ்பி என்ற வகை உண்மையில் 570-க்கு நிகர், அந்த விலைதான் தர வேண்டும்.

மாட்டும் வரிசை

1. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒரு பாகம் மாற்றி, ஓடுகிறது என்று உறுதி செய்த பிறகே அடுத்தது. இல்லாவிட்டால் தவறு எதில் என்று கண்டுபிடிக்க முடியாது.

2. விண்டோஸின் பிட்லாக்கர் டிஸ்க் குறியாக்கம் இருந்தால் அதன் மீட்புச் சாவியை வெளியே எழுதி வையுங்கள். ரைசனை மாற்றியதும் எஃப்டிபிஎம்மை (பிராசசருக்குள் இருக்கும் டிபிஎம்) அழிக்கவா என்று பயாஸ் கேட்கும். சாவி இல்லாமல் ஒப்புக்கொண்டால் பூட்டு திறக்காது.

3. கார்டின் சிப் நிறுவனம் மாறுகிறதென்றால் (என்விடியாவிலிருந்து ஏஎம்டி போல), இணையத்தைத் துண்டித்து, சேஃப் மோடில் டிடியு மென்பொருளால் பழைய டிரைவரைத் துடைத்துவிட்டு அணையுங்கள்.

4. சுவர் பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்துங்கள். கேபினெட்டின் வண்ணம் பூசாத இரும்பைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

5. கார்டைக் கழற்றும்போது திருகு, மின் கேபிள், ஸ்லாட்டின் முனையில் இருக்கும் கொக்கி என்ற வரிசை. கொக்கியை மறந்து இழுத்தால் ஸ்லாட் உடையும்.

6. ஏஎம்4 கூலரைக் கழற்றும் முன் பத்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடாக்குங்கள். பிறகு அணைத்து, கிளிப்பை விடுவித்து, நேரே தூக்காமல் இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள். நேரே தூக்கினால் காய்ந்த பேஸ்ட் பிராசசரைச் சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்துவிடும். பின்கள் வளைவது அப்போதுதான்.

7. ராமும் கார்டும் ‘கிளிக்’ என்று ஒலிக்கும் வரை அழுத்துங்கள். முதல் முறை எழ ஒன்றிரண்டு நிமிடம் ஆகலாம், அவசரப்பட்டு அணைக்காதீர்கள்.

திரை வராவிட்டால் வரிசையாக இவற்றைப் பாருங்கள். மானிட்டர் கேபிள் புதுக் கார்டில்தானா? கார்டின் மின் கேபிள் முழுதும் இறங்கியதா? பிராசசரின் 8 பின் மறந்துவிட்டதா? ஒரே ஒரு ராம் பட்டையை 2-வது ஸ்லாட்டில் வைத்து முயலுங்கள். பிறகு பிளக்கைப் பிடுங்கி, போர்டில் இருக்கும் சிஆர்2032 காசு பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி மாட்டுங்கள், பயாஸ் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பும். பல வருடப் பழைய போர்டு என்றால் அந்த பேட்டரியையே புதிதாக்கிவிடுங்கள். எக்ஸ்எம்பியை மீண்டும் இயக்க மறக்க வேண்டாம்.

எழுந்ததும் டிரைவரைப் போட்டு, முதலில் எண்கள் குறித்த அதே கேமில், அதே இடத்தில், அதே அமைப்பில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். கார்டு மாற்றியிருந்து அதன் பயன்பாடு இப்போது 60-க்கு இறங்கியிருந்தால் முட்டுக்கட்டை பிராசசருக்கு இடம் மாறிவிட்டது என்று பொருள். உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸாக இருந்து ஃப்ரேமும் 60-க்குக் கீழே இறங்கவில்லை என்றால் அதைத் துரத்த வேண்டியதில்லை. கிராஃபிக்ஸ் தரத்தை ஏற்றிச் சும்மா இருக்கும் கார்டுக்கு வேலை கொடுங்கள், பிராசசருக்கான பணம் அடுத்த போர்டுக்காக இருக்கட்டும்.